தைத்த சட்டையா, துணியும் நூலுமா?

கடந்த நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்கள் முன்னதாக, ஏறாவூரில் பிடவைக் கடை நடத்திவரும் ஹாஜியார் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. காசு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டே முறையிட்டார்.

"தம்பி, வாசல்ல சனம் நெருக்கியடிக்குது. ஆனா இந்த வெப்சைட்டால ஒரு ஓடரும் வருதில்ல. பழைய சைட் இருக்கக்குள்ள பெருநாள் நேரம் நாளைக்கு நாலு அஞ்சு பேராவது கேட்பாங்க. புதுசு எவ்வளவு வடிவா இருக்கு, கேட்கத்தான் ஆளில்ல."

வடிவாகத்தான் இருந்தது. கடையின் வைபை இணைப்பில், அவருடைய விலை கூடிய தொலைபேசியில், படங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. கட்டாரிலிருக்கும் அவரது தம்பியும் பார்த்துவிட்டுப் பாராட்டியிருக்கிறார். ஆனால் கரடியனாறுப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல் பதிவு வேறு கதை சொன்னது: "ஹாஜியார், உங்கட சைட் திறக்குதில்ல. சாரத்துட விலைய நீங்களே சொல்லுங்க."

கடையில் வேலை செய்யும் பையனின் தொலைபேசியை வாங்கினேன். மூன்று நான்கு வருடம் பழைய, குறைந்த விலை அன்ட்ரொயிட். வைபையை அணைத்து, டேட்டாவில் திறந்தோம். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டேயிருந்தது. பையன் பொறுமையிழந்து பேஸ்புக்குக்குப் போய்விட்டான். வாடிக்கையாளரும் அதைத்தான் செய்திருப்பார்.

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு இணையப் பக்கம் எங்கே "தைக்கப்படுகிறது" என்பதைப் பார்க்க வேண்டும். பொருட்களின் பெயர், விலை, படம் ஆகியவை தரவு. அவை எந்த இடத்தில், எந்த அளவில் தோன்ற வேண்டும் என்று சொல்லும் அச்சுதான் டெம்ப்ளேட். தரவையும் டெம்ப்ளேட்டையும் சேர்த்துத் தைத்தால்தான் நாம் பார்க்கும் பக்கம் உருவாகும். இந்தத் தையலை எங்கோ இருக்கும் சேர்வரிலேயே முடித்து ஆயத்த ஆடையாக அனுப்புவது பழைய முறை. துணி, நூல், அளவு வெட்டிய கடதாசி, போதாக்குறைக்கு ஒரு தையல் இயந்திரம் என எல்லாவற்றையும் கட்டி அனுப்பி, "நீங்களே வீட்டில் தைத்துக்கொள்ளுங்கள்" என்பது புதிய முறை. அந்தத் தையல் இயந்திரம்தான் ஜாவாஸ்கிரிப்ட். வீடு என்பது வாடிக்கையாளரின் பிரவுசர்.

ஹாஜியாரின் பழைய தளம் முதலாவது வகை. புதியது இரண்டாவது.

ஏன் மாற்றினார்கள்? செய்து கொடுத்த நிறுவனம் சொன்ன காரணங்களில் ஒன்று உண்மையிலேயே வியாபாரிக்கு உறைக்கக்கூடியது. சேர்வர் வாடகை டொலரில்தான் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபா அளவுக்கு ஏறியது. மாதம் 10 டொலர் வாடகை என்றால் 2,000 ரூபா 3,600 ரூபாவாகிவிட்டது. ரூபா அதன் பிறகு ஓரளவு நிமிர்ந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. "பக்கத்தை உருவாக்கும் வேலையை வாடிக்கையாளரின் தொலைபேசிக்குக் கொடுத்துவிட்டால், மிகச் சிறிய சேர்வர் போதும்" என்று ஒருவர் சொல்லும்போது எந்த முதலாளிதான் வேண்டாம் என்பார்?

நான் மறுப்பது இந்தக் கணக்கைத்தான். செலவு மிச்சமாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. நமது ஐந்தொகையில் இருந்ததை வாடிக்கையாளரின் ரீலோட் அட்டைக்கும் பெட்டரிக்கும் நேரத்துக்கும் மாற்றி எழுதியிருக்கிறோம். அவர் அந்தச் செலவை ஏற்காமல் போகும்போது, அது வராத ஓடராக நம்மிடமே திரும்பி வருகிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது பதியப்படுவதில்லை என்பதால் முதலாளிக்குத் தெரிவதுமில்லை.

இது ஏறாவூர் மட்டும் கண்ட அனுபவமல்ல. உலகப் பெரிய கம்பனிகளே இந்தப் பாதையில் போய்த் திரும்பியிருக்கின்றன.

பிரவுசருக்குள்ளிருந்தே சேர்வருடன் பேசும் வழியை மைக்ரோசொப்ட் 1999இல் தனது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் கொடுத்தது. 2004 ஏப்ரல் 1ஆம் திகதி கூகுள் வெளியிட்ட ஜிமெயில், அடுத்த வருடம் வந்த கூகுள் மெப்ஸ் ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான், பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு மென்பொருளை ஓட்டலாம் என்று உலகம் நம்பியது. அந்தக் காலத்தில் கொமியூனிகேஷன் கடைகளில் டயல் அப் இணைப்பில் மின்னஞ்சல் பார்த்தவர்களுக்கு ஒன்று ஞாபகமிருக்கலாம். ஜிமெயில் திறக்கத் தாமதமானால், மெதுவான இணைப்புக்காரர்களுக்கென்று எளிய பக்கமொன்றுக்கு வழிகாட்டும் இணைப்பு திரையில் வரும். அந்த எளிய பக்கம் சேர்வரில் தைத்து அனுப்பப்பட்டது. கூகுள் அதை நீண்ட காலம் வைத்திருந்து, 2024ஆம் ஆண்டில்தான் கைவிட்டது. முழுப் பக்கத்தையும் பிரவுசரில் கட்டிய கம்பனியே, அது எல்லோருக்கும் பொருந்தாது என்று இத்தனை வருடம் ஒப்புக்கொண்டிருந்தது.

2011இல் லின்க்டின் நிறுவனம் தனது பக்கங்களை சேர்வர் டெம்ப்ளேட்டிலிருந்து டஸ்ட் என்ற பிரவுசர் டெம்ப்ளேட்டுக்கு மாற்றியது. அவர்களது நியாயம் வலுவானது. அவர்களிடம் பல கணினி மொழிகளில் எழுதப்பட்ட பல சேர்வர்கள் இருந்தன. ஒரே பெயர் அட்டையை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எழுதிப் பராமரிக்க வேண்டியிருந்தது. டெம்ப்ளேட்டை ஒரு தடவை பிரவுசருக்கு அனுப்பி அங்கேயே சேமித்து வைத்தால், அடுத்த தடவையிலிருந்து தரவை மட்டும் அனுப்பினால் போதும். அளவுக் கடதாசி ஏற்கனவே வீட்டிலிருக்கும்போது துணியை மட்டும் வாங்குவது போல. அப்படியிருந்தும், தேடுபொறிகளுக்காக அதே டெம்ப்ளேட்டை சேர்வரிலும் தைக்கும் ஏற்பாடொன்றை அவர்கள் செய்துகொள்ள நேர்ந்தது.

டுவிட்டரின் கதை இன்னும் தெளிவானது. இன்று எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் அந்தத் தளம், 2010 செப்டம்பரில் தனது புதிய வடிவத்தை முழுக்க பிரவுசரில் கட்டியது. பக்கத்தின் முகவரியில் # குறியும் ஆச்சரியக் குறியும் சேர்ந்து வந்தது அப்போதுதான். # குறிக்குப் பின்னால் வருவதை பிரவுசர் சேர்வருக்கு அனுப்புவதேயில்லை. எனவே, வந்தவர் யாருடைய பக்கத்தைக் கேட்கிறார் என்பதே சேர்வருக்குத் தெரியாது. வெற்றுக் கூட்டை அனுப்பும், ஸ்கிரிப்ட் இறங்கும், ஓடும், பிறகுதான் முகவரியை வாசித்து, இன்னொரு தடவை தரவு கேட்கும். 2012 மே மாதத்தில் டுவிட்டரின் பொறியியலாளர்கள் முதல் பக்கத்தைத் தைக்கும் வேலையை மீண்டும் சேர்வருக்கே கொண்டுவந்தார்கள். முதல் தடவை பக்கம் திறக்கும் நேரம் முன்பிருந்ததில் ஐந்திலொன்றாகக் குறைந்தது என்று அவர்களே அறிவித்தார்கள். பணத்துக்கோ ஆளுக்கோ குறைவில்லாத கம்பனி அது.

பேஸ்புக் 2013இல் வெளியிட்ட ரியக்ட் என்ற கருவி பிரவுசரில் தைக்கும் முறையை மீண்டும் ஊரெல்லாம் பரப்பியது. 2016இல் வந்த நெக்ஸ்ட் என்ற கருவி அதே ரியக்டை சேர்வரில் தைக்கக் கொண்டுவந்தது. நாகரிகம் இப்படி முன்னும் பின்னுமாக ஆடுவது பிடவை வியாபாரிகளுக்குப் புதிதல்ல.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். ஹாஜியாரின் புதிய தளம் முதல் தடவை திறக்க ஒரு மெகாபைட்டுக்கும் அதிகமான ஸ்கிரிப்டை இறக்குகிறது. நகரத்துக்கு வெளியே, சனம் கூடிய நேரத்தில், ஒரு தொலைபேசிக்கு விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். இறக்குவதற்கு மாத்திரம் 4 விநாடிகள். அதோடு முடியவில்லை. 100 கிலோபைட் படமும் 100 கிலோபைட் ஸ்கிரிப்டும் இறங்குவதற்கு ஒரே நேரம்தான் எடுக்கும். ஆனால் இறங்கிய படத்தை விரித்துத் திரையில் வைத்துவிடலாம், ஸ்கிரிப்டை வாசித்து, கணினிக்கு விளங்கும் மொழிக்கு மாற்றி, பிறகு ஓட்ட வேண்டும். விலை கூடிய தொலைபேசி இதை முடிக்கும் நேரத்தைப் போலப் பல மடங்கு நேரத்தை மலிவான தொலைபேசி எடுக்கிறது. கட்டாரிலிருக்கும் தம்பிக்குக் குறை தெரியாமல் போனது இதனால்தான். தளத்தைச் செய்தவர்களின் மேசையிலும் நல்ல கணினிதான் இருந்திருக்கும்.

தூரமும் இருக்கிறது. நம்மவர்களின் பல தளங்கள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ உள்ள சேர்வர்களில் இருக்கின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். நேர்கோட்டில் போய்வந்தாலே 27 மில்லி விநாடி. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கென்றால் அதைப்போல ஐந்து மடங்கு. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை, கோபுரத்துக்கும் தொலைபேசிக்கும் இடையிலான தாமதம் வேறு சேரும். ஒரு தடவை போய்வருவதென்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பிரவுசரில் தைக்கும் தளத்தில் முதலில் வெற்றுப் பக்கம், பிறகு ஸ்கிரிப்ட், பிறகு தரவு, பிறகு படங்கள் என்று ஒன்று முடிந்த பின்தான் மற்றது தொடங்குகிறது. சேர்வரில் தைத்தால், தரவைத் தேடும் ஓட்டம் சேர்வருக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும், கடல் தாண்ட வேண்டியதில்லை.

தமிழுக்கென்று ஒரு விசயமும் உண்டு. யுனிகோட் முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட், தமிழ்க் குறியீடொன்று 3 பைட். 'பெருநாள்' என்ற சொல்லுக்கு 24 பைட் வேண்டும். தரவை மட்டும் தனியே அனுப்பினால் பக்கம் வெகுவாகச் சுருங்கும் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கனதியில் பெரும்பகுதி நமது எழுத்திலேயே இருக்கிறது, அதை இரண்டு முறையிலும் அனுப்பத்தான் வேண்டும். அச்சில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளோ, சேர்வர் பக்கத்தைச் சுருக்கி அனுப்பும்போது பெருமளவு கரைந்துவிடுகின்றன. எனவே மிச்சமாவது நினைப்பதைவிடக் குறைவு.

பாமினி எழுத்துருவை இறக்கினால்தான் பக்கத்தை வாசிக்கலாம் என்று நமது தமிழ்த் தளங்கள் வாசலில் எழுதிப் போட்டிருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை பேர் அந்த வாசலோடு திரும்பிப் போனார்கள்! யுனிகோட் வந்து அந்தச் சுமையை வாசகனின் தலையிலிருந்து இறக்கியது. இப்போது வேறொரு பெயரில் வேறொரு சுமையை ஏற்றுகிறோம்.

ஏறாவூர் வியாபாரிக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வட்ஸ்அப் என்பேன். நமது ஊர்களில் யாரும் கூகுளில் தேடிச் சாரம் வாங்குவதில்லை. ஒருவர் இணைப்பை குடும்பக் குழுவில் போடுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். இணைப்பைப் போட்டவுடன் கீழே சின்னப் படமும் தலைப்பும் தோன்றுகிறதே, அது சேர்வர் அனுப்பும் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பதிலிருந்து எடுக்கப்படுகிறது. வட்ஸ்அப் அதற்காக உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. ஹாஜியாரின் எந்தப் பொருளின் இணைப்பைப் போட்டாலும் கடையின் பெயர் மட்டும்தான் வந்தது. 'அபாயா, இந்த விலை' என்று படத்தோடு வர வேண்டிய இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்ப் பலகை.

இத்தனையும் சொன்னதால், பிரவுசரில் தைப்பதே பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவின் பிளிப்கார்ட் நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்ட லைட் தளம் பிரவுசரில் தைப்பதுதான். கூட்டைத் தொலைபேசியிலேயே சேமித்து வைத்து, இணைப்பு மோசமான இடங்களிலும் ஓடும்படி கட்டியிருந்தார்கள். அவர்களது செயலியோடு ஒப்பிட்டால் தரவுச் செலவு மூன்றிலொன்றாகக் குறைந்தது. அது பலித்ததற்குக் காரணம் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவது. முதல் நாள் செலவை அடுத்தடுத்த வருகைகள் ஈடுசெய்கின்றன. நமது பிடவைக் கடைக்கு ஒரு குடும்பம் இணையத்தில் எத்தனை தடவை வரும்? நோன்புப் பெருநாளுக்கு ஒன்று, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒன்று, இடையில் ஒரு கலியாணம். அதற்குள் தொலைபேசியில் சேமித்தது அழிந்திருக்கும், அல்லது தளத்தைச் செய்தவர்கள் ஸ்கிரிப்டை மாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு வருகையும் முதல் வருகைதான். ஒவ்வொரு தடவையும் தையல் இயந்திரத்தையும் சேர்த்தே அனுப்புகிறோம்.

அதே கடையின் உள்ளே, காசு மேசையில் நாள் முழுக்கத் திறந்திருக்கும் பில் போடும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை இறங்கினால் இரவு வரை ஓடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டபோது இணைப்பும் வந்து வந்து போனது. சேர்வரிடம் கேட்டுக் கேட்டுப் பக்கம் வாங்கும் மென்பொருள் அப்படியான நேரத்தில் கையை விரித்துவிடும். முறையாகக் கட்டப்பட்டிருந்தால், பிரவுசரில் ஓடும் மென்பொருள் பில்லைத் தன்னிடம் வைத்திருந்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு பிரவுசரைத்தான் சொல்வேன்.

டொலர் வாடகைக்கும் பதில் இருக்கிறது. கடையின் விலைப்பட்டியல் எல்லோருக்கும் ஒன்றுதான், நாளைக்கு இரண்டு தடவை மாறினால் அதிகம். வருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தைக்க வேண்டிய அவசியமே இல்லை. விலை மாறும்போது ஒரு தடவை தைத்து, அடுக்கி வைத்து, வருகிறவருக்கு எடுத்துக் கொடுக்கலாம். பெருநாள் இரவில் ஆயிரம் பேர் வந்தாலும் சின்ன சேர்வர் தாங்கும். ஆயத்த ஆடை வியாபாரிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடும் பகுதி, அதாவது கூடையும் ஓடரும் மட்டும், பிரவுசரில் தைக்கப்படட்டும்.

அளவை நிறுவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. தரவுச் செலவை அதோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லலாம், நானும் அதைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. இருந்தாலும் 200 ரூபாவுக்கு ரீலோட் போட்டு மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளும் ஒரு தாய், சாரத்தின் விலையை மட்டும் பார்க்க வந்தபோது அவருக்குத் தேவையில்லாத ஒரு மெகாபைட்டை நிறுத்துக் கொடுக்கிறோம் என்பது என் மனதை உறுத்தத்தான் செய்கிறது.

தளம் செய்விக்கப் போகிறவர்கள் நுட்பம் படிக்க வேண்டியதில்லை. பணம் கொடுக்க முன்னர் கடையிலேயே ஆகக் குறைந்த தொலைபேசியை வாங்கி, வைபையை அணைத்து, அதுவரை அந்தத் தளத்தைப் பார்த்திராத பிரவுசரில் திறந்து, பெயரும் விலையும் தெரியும் வரை எண்ணுங்கள். பிறகு குரோமின் அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். விலைப்பட்டியலாவது தெரிய வேண்டும். கடைசியாக ஒரு பொருளின் இணைப்பை வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். மூன்றிலும் தேறாத தளத்துக்கு மீதிப் பணத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

ஹாஜியார் தளத்தைச் செய்தவர்களோடு பேசியிருக்கிறார். முழுவதையும் மாற்ற அவர்கள் கேட்ட தொகை அவருக்குப் பிடிக்கவில்லை. முகப்புப் பக்கத்தையும் விலைப்பட்டியலையும் மட்டும் சேர்வரில் தைத்துத் தருவதாகவும், ஓடர் பக்கம் இப்போதிருப்பது போலவே இருக்கட்டும் என்றும் முடிவாகியிருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் தருவார்களாம். பையனின் தொலைபேசியை மட்டும் அதுவரை மாற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.